காரின் கதவு வெளிக்கைப்பிடியை வீட்டிலேயே கழற்றி மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வேலையை வீட்டிலேயே செய்ய முடியுமா?

பெரும்பாலான கார்களில் முடியும். அது அரை மணி நேரத்தில் முடியுமா, அரை நாளை விழுங்குமா என்பது கைப்பிடியின் வகையைப் பொறுத்தது. இரு முனைகளும் கதவில் பதிந்திருக்க, நடுவில் விரல்களை நுழைத்து நம்மை நோக்கி இழுப்பது ஒரு வகை. இதை இழுவைக் கைப்பிடி என்று இங்கே சொல்வோம். ஒரு பள்ளத்துக்குள் விரலை விட்டு, தகடு போன்ற மடலை மேல்நோக்கித் தூக்குவது இன்னொரு வகை. இது மடல் கைப்பிடி. இழுவைக் கைப்பிடியைப் பல மாதிரிகளில் கதவின் உட்பக்கத்தைத் தொடாமலேயே கழற்றிவிடலாம். மடல் கைப்பிடி பெரும்பாலும் உள்ளிருந்து நட்டுகளால் இறுக்கப்பட்டிருப்பதால், உட்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றாமல் அதை நெருங்க முடியாது.

எதையும் கழற்றாமலேயே என் காரில் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

கதவைத் திறந்து, அதன் குறுகலான பின் ஓரத்தைப் பாருங்கள். தூணில் உள்ள வளையத்தைக் கவ்விப் பிடிக்கும் லாட்ச் அந்த ஓரத்தில்தான் இருக்கும். அதற்கு மேலே, ஏறக்குறைய கைப்பிடியின் உயரத்தில், சிறிய ரப்பர் மூடியோ பிளாஸ்டிக் மூடியோ இருந்து, அதை நெம்பி எடுத்தால் உள்ளே நட்சத்திர வடிவத் தலையுள்ள டார்க்ஸ் ஸ்க்ரூவோ போல்ட்டோ தெரிந்தால், உங்களுடையது வெளியிலிருந்து கழற்றக்கூடிய அமைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். மூடியே இல்லையென்றால் டோர் பேடைக் கழற்றும் வேலைக்குத் தயாராகிக்கொள்ளுங்கள்.

கைப்பிடியை இழுத்தால் கதவு திறக்கவில்லை. பழுது கைப்பிடியில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

புதிய கைப்பிடியை வாங்கிய பிறகு இந்தக் கேள்வியைக் கேட்பவர்களே அதிகம். கைப்பிடியை இழுக்கும்போது எந்தத் தடையும் இல்லாமல் தளர்வாக வந்தால், உள்ளே கைப்பிடியை லாட்ச்சோடு இணைக்கும் கம்பியோ கேபிளோ கழன்றிருக்கலாம், அல்லது கைப்பிடியின் பின்புறக் கொக்கி உடைந்திருக்கலாம். வழக்கமான எதிர்விசை இருந்தும் கதவு திறக்காவிட்டால், சந்தேகம் லாட்ச் மீதோ மத்தியப் பூட்டின் மோட்டார் மீதோ திரும்ப வேண்டும். இழுத்த கைப்பிடி மீண்டும் உள்ளே போகாமல் வெளியே நீட்டிக்கொண்டே நின்றால், திருப்பு ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், அல்லது அச்சில் அழுக்கு இறுகியிருக்கலாம். பின்னதற்குக் கைப்பிடியை மாற்றத் தேவையில்லை, சுத்தம் செய்து கிரீஸ் இட்டாலே போதும்.

பின் கதவு வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளிருந்து மட்டும் திறக்க மறுக்கிறது என்றால், வேறெதையும் பார்ப்பதற்கு முன் கதவின் ஓரத்தில் உள்ள குழந்தைகள் பாதுகாப்புப் பூட்டைப் பாருங்கள். அது போட்டிருப்பதை அறியாமல் டோர் பேடையே கழற்றியவர்கள் உண்டு.

என்னென்ன கருவிகள் தேவை?

டார்க்ஸ் முனைகள் (டி20, டி25, டி30 ஆகியவை பெரும்பாலான தேவைகளைத் தீர்க்கும்), 10 மி.மீ. சாக்கெட், அதற்கு ஒரு நீட்சிக் கம்பி, தட்டையான ஸ்க்ரூடிரைவர், பிளாஸ்டிக் நெம்புகோல்கள், மாஸ்கிங் டேப், தலையில் மாட்டும் டார்ச், நீண்ட காந்தக் குச்சி ஆகியவை போதும். கையுறையை வீண் ஆடம்பரமாக நினைக்க வேண்டாம். கதவின் உட்தகட்டில் வெட்டப்பட்ட துளைகளின் விளிம்புகள் மழுக்கப்படாமல் இருக்கும், மணிக்கட்டைக் கத்திபோல அறுத்துவிடும். உலோக நெம்புகோலைப் பெயின்ட் அருகில் கொண்டுபோகாதீர்கள். எதைக் கழற்றுவதற்கு முன்பும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் எந்தத் துளையில், எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்திருந்தன என்பதை இரண்டு மணி நேரம் கழித்து நினைவிலிருந்து சொல்வது கடினம்.

பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டுமா?

வெளியிலிருந்து கழற்றும் இழுவைக் கைப்பிடியில் வயர் எதுவும் இல்லையென்றால் தேவையில்லை. டோர் பேடைக் கழற்றுவதாக இருந்தால், கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றிவிட்டு, எதிர்மின் முனையைத் துண்டிப்பதே முறை. இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, கை உள்ளே இருக்கும்போது யாராவது பவர் விண்டோ பொத்தானை அழுத்தினால், கண்ணாடியைத் தூக்கும் இயந்திரம் விரலை நசுக்கிவிடும். இரண்டாவது, பல கார்களின் முன் கதவுகளுக்குள் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் இருக்கிறது. கதவில் கழற்றப்பட்ட கனெக்டரோடு இக்னிஷனை ஆன் செய்தால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பிழைக் குறியீடு பதிவாகி, அதை ஸ்கேனர் கொண்டு அழிக்க வேண்டிய நிலை வரலாம். பேட்டரியைத் துண்டித்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். ஓரிரு நிமிடங்கள் என்பது வழக்கம்.

ஒரு முன்னெச்சரிக்கை: உங்கள் காரின் பேட்டரி டிக்கியில் இருந்து, அந்த டிக்கியும் மின்சாரத்தால் மட்டுமே திறக்குமென்றால், பேட்டரியைத் துண்டித்தபின் டிக்கியை மூடிவிடாதீர்கள். மீண்டும் இணைத்த பிறகு, கண்ணாடியின் ஒரே தொடுதலில் ஏறி இறங்கும் வசதி வேலை செய்யாமல் போகலாம். கண்ணாடியை முழுவதும் ஏற்றி, பொத்தானைச் சில விநாடிகள் பிடித்திருந்தால் பல கார்களில் அது திரும்பிவிடும்.

இழுவைக் கைப்பிடியைக் கழற்றும் முறை என்ன?

முதலில் கைப்பிடியைச் சுற்றியுள்ள பெயின்ட் மீது மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இந்த அமைப்பில், கண்ணுக்குத் தெரியும் கைப்பிடி வேறு, அதைத் தாங்கிக் கதவுக்குள் பொருத்தப்பட்டிருக்கும் சட்டம் வேறு. நாம் கழற்றப்போவது கைப்பிடியை மட்டுமே. கைப்பிடியின் பின் முனையில் ஒரு சிறு மூடி இருக்கும். ஓட்டுநர் கதவில் பெரும்பாலும் சாவிப் பூட்டே அந்த இடத்தில் இருக்கும். மற்றக் கதவுகளில் அது வெறும் மூடி.

கதவின் ஓரத்திலுள்ள துளை வழியே டார்க்ஸ் முனையைச் செலுத்தி ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். தளர்த்துங்கள் என்றுதான் சொல்கிறேன். பல மாதிரிகளில் அந்த ஸ்க்ரூ வெளியே வராமல் சட்டத்திலேயே தங்கும்படி செய்யப்பட்டிருக்கும். ஓர் இடத்தில் தடை தெரிந்தபின்னும் வலுக்கட்டாயமாகத் திருகினால், அது பிடித்திருக்கும் சிறு துண்டு கதவுக்குள் விழுந்துவிடும். பிறகு, தவிர்க்க நினைத்த டோர் பேடையே கழற்ற வேண்டிவரும். சில மாதிரிகளில் ஸ்க்ரூவைத் தளர்த்தும்போது ஒரு கையால் கைப்பிடியை முழுவதும் வெளியே இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். மூடி வர மறுத்தால் இதைச் செய்துபாருங்கள்.

மூடியோ சாவிப் பூட்டோ நேராக வெளியே வந்ததும், காலியான அந்த இடத்தை நோக்கிக் கைப்பிடியைப் பின்பக்கமாக நகர்த்தி, பின் முனையை வெளியே திருப்பினால், முன் முனையின் கொக்கி தன் குழியிலிருந்து விடுபடும். கைப்பிடிக்கும் கதவுக்கும் இடையில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டுகள் முன்னும் பின்னும் வெவ்வேறு வடிவத்தில் இருக்கும், அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அவை இல்லாமல் மாட்டினால் பெயின்ட் உராய்ந்துபோவதோடு, தண்ணீரும் உள்ளே இறங்கும்.

சாவியை வெளியே எடுக்காமலேயே திறக்கும் வசதி என் காரில் உள்ளது. இதே முறை பொருந்துமா?

பொருந்தும், ஆனால் கைப்பிடியைக் கழற்றியவுடன் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. தொடுவதை உணரும் சென்சாரோ, சாவியைத் தேடும் ஆன்டெனாவோ, பொத்தானோ கைப்பிடிக்குள்ளேயே இருப்பதால், அதிலிருந்து ஒரு வயர் கதவுக்குள் செல்கிறது. சிலவற்றில் அந்த வயரின் கனெக்டரைக் கைப்பிடித் துளை வழியாகவே வெளியே எடுத்துவிடலாம். சிலவற்றில் அது கதவின் உள்ளே கிளிப்பால் பிடிக்கப்பட்டிருப்பதால் டோர் பேடைக் கழற்றித்தான் ஆகவேண்டும். கனெக்டரைக் கழற்றியதும் உள்ளே செல்லும் வயரின் முனையை டேப்பால் கதவின் வெளிப்புறத்தில் ஒட்டிவையுங்கள். புதிய கைப்பிடியை வாங்கும்போது அதில் இதே சென்சாரும் இதே கனெக்டரும் உள்ளனவா என்று பார்ப்பது அவசியம்; வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

மடல் கைப்பிடிக்கு டோர் பேடை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

டோர் பேட் உடைவதற்கு ஆத்திரத்தைவிடக் கண்ணில் படாத ஸ்க்ரூவே பெரும்பாலும் காரணம். கைகொடுத்துக் கதவைச் சாத்தும் பிடிக்குள் ஒன்று, உட்கைப்பிடியின் குழிக்குள் ஒரு சிறு மூடிக்குப் பின்னால் ஒன்று, பக்கக் கண்ணாடிக்கு (சைடு மிரருக்கு) உட்புறமுள்ள முக்கோண மூடிக்கு அடியில் ஒன்று, சில கார்களில் கீழ் ஓரத்தில் ஒன்றிரண்டு என்று அவை மறைந்திருக்கும். அவை எல்லாவற்றையும் எடுத்த பிறகு, கீழ் மூலையிலிருந்து தொடங்கி, பிளாஸ்டிக் நெம்புகோலை ஒவ்வொரு கிளிப்புக்கும் மிக அருகில் செலுத்தி நெம்பிக்கொண்டே போங்கள். ஓரங்கள் எல்லாம் விடுபட்டதும் பேடை நம்மை நோக்கி இழுக்காமல் மேலே தூக்க வேண்டும். அதன் மேல் விளிம்பு கண்ணாடி ஓரத்தில் தொங்கவிடப்பட்டிருக்கும். ஓரிடத்தில் மட்டும் அசையவில்லையென்றால் அங்கே இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறது என்று பொருள். பின்பக்கத்தில் பொத்தான்களின் கனெக்டர்களும் உட்கைப்பிடியின் கேபிளும் இணைந்திருக்கும். பேடை அவற்றில் தொங்கவிட்டுவிடாதீர்கள்.

அடுத்து வருவது தண்ணீரைத் தடுக்கும் பிளாஸ்டிக் படலம். கருப்பு நிறத்தில் பிசுபிசுக்கும் பியூட்டைல் பசையால் ஒட்டப்பட்டிருக்கும் இதைக் கிழிக்காமல், பசையை மட்டும் மெல்லக் கத்தியால் அறுத்துக்கொண்டு, தேவையான மூலையை மட்டும் உரித்தால் போதும். திரும்ப ஒட்டும்போது படலம் எங்கும் இடைவெளியின்றி அமர வேண்டும். மழை நீர் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்குவது இயல்பானது. கதவின் அடிப்பகுதியிலுள்ள வடிகால் துளைகள் அதற்காகவே இருக்கின்றன. அந்த நீர் காருக்குள் வராமல் தடுப்பது இந்தப் படலம் ஒன்றுதான். காரின் தரைவிரிப்பு காரணம் தெரியாமல் நனைகிறது என்றால், முன்பு எப்போதோ அலட்சியமாக ஒட்டப்பட்ட படலத்தைச் சந்தேகிக்கலாம்.

கம்பிகளை விடுவிக்கும்போது பிளாஸ்டிக் கிளிப் உடைந்துவிடுகிறதே?

கிளிப்பைத் துளையிலிருந்து பிடுங்க முயன்றால் உடையத்தான் செய்யும். அந்தக் கிளிப்பின் ஒரு கரம் கம்பியைக் கவ்விப் பிடித்திருக்கும். அந்தக் கரத்தை மட்டும் கம்பியிலிருந்து விலக்கிச் சுழற்றினால், கம்பியின் வளைந்த முனை தானாக வெளியே வந்துவிடும். கிளிப், கம்பி மாட்டியிருந்த நெம்புகையிலேயே (லீவரிலேயே) இருக்கலாம். பழைய காரில் பிளாஸ்டிக் மொறமொறவென்று ஆகியிருக்கும் என்பதால் ஓரிரு மாற்றுக் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கிவைப்பது நல்லது. கம்பியை வளைத்து வழி ஏற்படுத்திக்கொள்ள வேண்டாம். அதன் வளைவுகள் அளந்து செய்யப்பட்டவை.

கம்பிகளை விடுவித்தபின், வழக்கமாக 10 மி.மீ. அளவிலான இரண்டு நட்டுகளை எடுத்தால் கைப்பிடி வெளிப்பக்கமாக வந்துவிடும். பின்பக்க நட்டைக் கண்ணாடி ஓடும் தண்டவாளம் மறைத்திருந்தால், அந்தத் தண்டவாளத்தின் கீழ் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்த வேண்டும். நட்டுகளைக் கழற்றும் முன் கதவின் அடியில் ஒரு துணியைத் திணித்துவையுங்கள். விழுவது அதிலேயே விழட்டும்.

கைப்பிடியின் பின்னால் கனமான ஓர் உலோகத் துண்டு ஆடிக்கொண்டிருக்கிறது. அது எதற்கு?

அது எதிர் எடை. ஓசை எழுப்புகிறது என்றோ தேவையற்றது என்றோ எண்ணி அதை ஒருபோதும் நீக்கக் கூடாது. பக்கவாட்டில் மோதல் நிகழும்போது கதவுத் தகடு திடீரென உள்நோக்கித் தள்ளப்படுகிறது. கைப்பிடியோ தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. அதனால் கைப்பிடியை யாரோ வெளியே இழுப்பதற்கு ஒப்பான விளைவு ஏற்பட்டு, கதவு திறந்துகொள்ளும் ஆபத்து உண்டு. எதிர் எடை அதே கணத்தில் எதிர்த்திசையில் இயங்கி அந்த இழுப்பைச் சமன் செய்கிறது. கதவு லாட்ச்களுக்கான ஐ.நா.வின் 11ஆம் எண் விதிமுறையும், அமெரிக்காவின் 206ஆம் எண் பாதுகாப்புத் தரமும், புவியீர்ப்பைப் போல் 30 மடங்கு முடுக்கத்திலும் லாட்ச் தானாக விடுபடக் கூடாது என்று கோருகின்றன. மலிவான மாற்றுக் கைப்பிடிகளைப் பழையதோடு ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, இந்த எடையும் திருப்பு ஸ்பிரிங்கும் பழையதில் இருந்தபடியே இருக்கின்றனவா என்பதைத்தான். பளபளப்பு அதற்குப் பிறகு.

புதிய கைப்பிடிக்குப் பழைய சாவி பொருந்துமா?

பழைய சாவிப் பூட்டையே புதியதற்கு மாற்றிக்கொண்டால் பொருந்தும். அது ஒரு சிறு ஸ்பிரிங் கிளிப்பாலோ ஊசியாலோ பிடிக்கப்பட்டிருக்கும். அதை எடுக்கும்போது பூட்டின் உருளைக்குள் சாவியைச் செலுத்தியே வைத்திருங்கள். இல்லையென்றால் உள்ளிருக்கும் சிறு தகடுகள் சிதறக்கூடும், அவற்றை மறுபடி அடுக்குவது பூட்டுத் தொழிலாளியின் வேலை. பின்புறத்தில் உள்ள நெம்புகையின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்ப மாட்டும்போது எதில் அதிகக் கவனம் வேண்டும்?

மாட்டும் வரிசை கழற்றியதன் நேரெதிர் என்பதில் புதுமை இல்லை. இழுவைக் கைப்பிடியில் முதலில் கேஸ்கெட், அடுத்து முன் கொக்கி, பிறகு பின் கொக்கி சட்டத்திலுள்ள நெம்புகைக்குப் பின்னால் சரியாக விழும்படி உள்ளே தள்ளி முன்நோக்கி நகர்த்துவது, கடைசியில் மூடியும் ஸ்க்ரூவும். பின் கொக்கி நெம்புகையைப் பிடிக்காமல் அதன் பக்கத்தில் விழுந்தாலும் கைப்பிடி வெளியிலிருந்து பார்க்கக் கச்சிதமாகவே அமர்ந்திருக்கும். இழுத்தால் மட்டும் ஒன்றும் நடக்காது. இறுக்குவதில் முரட்டுத்தனம் வேண்டாம். இவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலோ மென்மையான வார்ப்பிலோ அமர்பவை, குறுகிய கைப்பிடியுள்ள கருவியால் மிதமாக இறுக்கினால் போதும்.

இதற்குப் பிறகு வருவதுதான் இந்த வேலையிலேயே முக்கியமான கட்டம்: சோதித்து முடிக்கும்வரை கதவைச் சாத்தக் கூடாது. கதவு திறந்திருக்கும்போதே, அதன் ஓரத்திலுள்ள லாட்ச்சின் கவ்வியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் கதவு மூடும் திசையில் அழுத்துங்கள். ‘டக்’ என்ற ஒலி இருமுறை கேட்கும். முதலாவது பாதி மூடிய நிலை, இரண்டாவது முழுவதும் மூடிய நிலை. இப்போது கதவு மூடியிருப்பதாகவே லாட்ச் கருதும். வெளிக்கைப்பிடியை இழுங்கள், கவ்வி பளிச்சென்று விடுபட வேண்டும். மீண்டும் அழுத்தி, உட்கைப்பிடியால் விடுவியுங்கள். மீண்டும் அழுத்தி, சாவியால் பூட்டி, பூட்டிய நிலையில் வெளிக்கைப்பிடி வேலை செய்யவில்லை என்பதையும், சாவியால் திறந்தபின் வேலை செய்கிறது என்பதையும் பாருங்கள். பேட்டரியை இணைத்த பிறகு ரிமோட்டுக்கும் இதே சோதனை. ஆனால் அதற்கு முன் கதவிலுள்ள கனெக்டர்கள் எல்லாவற்றையும் மாட்டிவிடுங்கள். இவையெல்லாம் ஒழுங்காக நடந்த பிறகே படலத்தையும் டோர் பேடையும் பொருத்த வேண்டும். கவ்வி சோதனையில் விடுபடாமல் நின்றுவிட்டால் கதவைச் சாத்த முயலாதீர்கள். மூடிய நிலையில் இருக்கும் கவ்வி தூணின் வளையத்தில் மோதி இரண்டுமே சேதமாகும்.

முதல் இழுப்பில் திறப்பதில்லை. இன்னும் அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. ஏன்?

கைப்பிடிக்கும் லாட்ச்சுக்கும் இடையிலான கம்பியில் தேவைக்கு மேல் தளர்வு இருக்கிறது. பல கார்களில் கம்பியின் ஒரு முனையில் திருகு மரையும் அதில் சுழலும் பிளாஸ்டிக் துண்டும் இருக்கும். அதைத் திருப்பித் தளர்வைக் குறைக்கலாம். தளர்வே இல்லாமலும் செய்துவிடக் கூடாது. ஓய்வு நிலையிலேயே கம்பி லாட்ச்சைச் சற்று இழுத்துக்கொண்டிருந்தால், கதவு முழுவதும் கவ்வாமல் போகலாம், அல்லது ஓட்டத்தில் விடுபடலாம். கைப்பிடியை அசைக்கத் தொடங்கும்போது மிகச் சிறிய வெறும் நகர்வும், அதன் பின் எதிர்விசையும் தெரிவதே சரியான அளவு.

மூடிய கதவு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்காவிட்டால்?

பூட்டு விடுபடும் ஒலி ரிமோட்டை அழுத்தும்போது கேட்கிறதா என்று முதலில் கவனியுங்கள். கேட்கிறது என்றால், ஒருவர் ரிமோட்டைத் திரும்பத் திரும்ப அழுத்த, இன்னொருவர் கைப்பிடியை இழுத்தபடியே கதவை உள்ளேயும் வெளியேயும் அசைத்துப் பார்க்கலாம். அதிலும் முடியாவிட்டால், கதவு மூடிய நிலையில் டோர் பேடை இருக்கையின் பக்கத்திலிருந்து கழற்ற வேண்டியிருக்கும். இது இருக்கையைப் பின்தள்ளி, சில வேளைகளில் அதையே எடுத்துவிட்டுச் செய்யும் வேலை, பேடும் உடையலாம். இந்த நிலையில் தொழில்முறை மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே மேல் என்பது என் கருத்து.

கைப்பிடிக்குக் காரின் நிறத்திலேயே பெயின்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம்; அது கதவிலிருந்து கழற்றிய நிலையில்தான். நிறக் குறியீடு பெரும்பாலும் கதவுத் தூணில் ஒட்டப்பட்ட தகட்டிலோ என்ஜின் அறையிலோ இருக்கும். கொக்கிகள், அச்சுத் துளைகள், சாவி நுழையும் வாய், சென்சார் பொத்தான் ஆகியவற்றை டேப்பால் மூடிவிட்டு அடியுங்கள். அச்சில் ஏறிய பெயின்ட் கைப்பிடியைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும்.

ஸ்க்ரூ கதவுக்குள் விழுந்துவிட்டது. அப்படியே விடலாமா?

விடக் கூடாது. அது சலசலக்கும் என்பதோடு, கண்ணாடி இறங்கும் வழியில் சிக்கலாம், வடிகால் துளையை அடைக்கலாம். காந்தக் குச்சியால் அடிப்பகுதியைத் துழாவுங்கள். பிளாஸ்டிக் கிளிப்புகள் காந்தத்தில் வராது. குச்சியின் முனையில் டேப்பைப் பிசுபிசுப்பான பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றினால் அவையும் ஒட்டிக்கொள்ளும்.

எதற்கு எந்த மசகு?

கைப்பிடியின் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் லாட்ச்சுக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ். சாவிப் பூட்டுக்குள் கிராஃபைட் தூளோ உலர்ந்த வகை ஸ்பிரேயோ மட்டும். கிரீஸ் அங்கே தூசியைச் சேர்த்து இறுகும்.

கதவோடு கதவாகப் பதிந்து, தானாக வெளியே வரும் மின்கைப்பிடியையும் இப்படிக் கழற்றலாமா?

இந்தப் பக்கத்தில் சொன்ன முறைகளைக் கொண்டு அதைத் தொட வேண்டாம். அதற்குள் மோட்டாரும் நிலையறியும் சுவிட்சுகளும் உள்ளன. சில மாதிரிகளில் லாட்ச்சை விடுவிப்பதும் மின்சாரமே, கம்பியே கிடையாது. கையில் அந்த மாதிரிக்கான பழுதுபார்ப்புக் கையேடு இருந்து, மின்சாரம் இல்லாதபோது அந்தக் கதவை உள்ளிருந்து திறக்கும் அவசர நெம்புகை எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தால் மட்டும் முயலலாம்.